அரைமணிக்கு ஒருக்க

“அளக்காதுன்னு நீங்க எப்படிச் சொல்லுதிய? நீங்க என்ன டாக்டருக்கா படிச்சிய? கரண்ட் ஆபீசுல மீட்டர் பாத்த ஆளு. ரத்தம் ஓடுதது எங்க, உடம்புல. மனசு கிடக்கது எங்க, அதுவும் உடம்புலதான. அடுத்த வீட்டுல மாவு இடிச்சா நம்ம செவுரு அதிரல? அப்படித்தான். இந்தப் பெட்டிக்கு எல்லாம் தெரியும்”னு வடிவு சொன்னா. அவ வீட்டுக்காரர் வேலாயுதம் பேப்பர்ல இருந்து தலையத் தூக்காமலே, “மனசை அளக்க மிசின் வந்துட்டா இந்தத் தெருவுல ஒரு வீட்டுலயும் சோறு பொங்க முடியாது. அது ரத்த அழுத்தத்தை மட்டுந்தான் அளக்கும். கையத் தொங்கப் போட்டுட்டுச் சும்மா இரு”ன்னார். சும்மா இருக்கணுமாம். அறுபத்தொரு வயசு வரைக்கும் ஒரு நாள் சும்மா இருக்க விட்டிருப்பாரா இந்த மனுசன், இப்ப சும்மா இருக்கச் சொல்லுதார். இடது கையில முழங்கைக்கு மேல ஒரு பட்டை, அதுல இருந்து ஒரு குழாய், குழாய் போய்ச் சேருத இடத்துல இடுப்புல ஒரு பெட்டி, சேலைக் கொசுவத்துக்குப் பக்கத்துல மாட்டுக்குக் கட்டுன மணி மாதிரித் தொங்குது. காலையில எட்டரை மணிக்கு ஆஸ்பத்திரியில அந்தச் சின்னப் பொண்ணு கட்டிவிட்டா. நல்ல பொண்ணு, மூக்குத்தி கூடப் போடல. “அம்மா, அரைமணிக்கு ஒருக்க இது தானா இறுக்கும், அப்பக் கையை ஆட்டாதீங்க, நாளைக்குக் காலையில வந்து கழட்டிக்கிடலாம். இறுக்கும்போது என்ன செஞ்சிட்டு இருந்தீங்கன்னு இந்தத் தாள்ல எழுதுங்க, டாக்டரம்மா பாப்பாங்க”ன்னு சொல்லி, ஒரு தாளும் ஒரு பென்சிலும் குடுத்தா. தாள்ல ஒரு பக்கம் மணி, இன்னொரு பக்கம் ‘என்ன செய்தீர்கள்’. அவ்வளவுதான். என்ன நினைச்சீர்கள்னு கேக்கல. கேக்காம விட்டாங்களே, அதுக்கே புண்ணியம். பெட்டி மேல ஒரு கண்ணாடி உண்டும். இறுக்கி முடிச்சதும் அதுல நம்பர் வந்து கொஞ்ச நேரம் நின்னுட்டு மறைஞ்சிரும். “நம்பரைப் பாக்காதீங்கம்மா, பாத்தா அதுலயே ஏறிரும்”னு அந்தப் பொண்ணு சொல்லித்தான் விட்டா. பாக்காதன்னு சொன்னதைப் பாக்காம இருக்கதுக்கு வடிவு என்ன சாமியாரா? ஒம்பது மணிக்கு நூத்தி அம்பத்தெட்டு. ஒம்பதரைக்கு நூத்தி அறுபத்தொண்ணு. அந்தக் காலத்துல கம்பவுண்டர் நயினார் பாதரசக் குழாய வச்சு அளப்பாரு, எல்லாருக்கும் பத்து கூட்டித்தான் சொல்லுவாரு, பயந்தாத்தான் உப்பைக் குறைப்பாங்கன்னு. அவரு செத்தப்ப அவருக்கே எம்புட்டு இருந்துதுன்னு யாருக்கும் தெரியல. அது கிடக்கட்டும். இந்தப் பெட்டி கூட்டியும் சொல்லாது, குறைச்சும் சொல்லாது, அதுதான் பயம்.

பயம் ஒண்ணும் சாவுக்கில்ல. வடிவோட அம்மா ரத்தக் கொதிப்புலதான் விழுந்தா, வலப்பக்கம் பூராவும் போயிட்டு, ஆறு வருசம் கிடந்தா கட்டில்ல. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு, சொல்லுத சொல்லெல்லாம் தண்ணியில ஊறுன மாதிரி வரும். வடிவு போனா அவ தலைமாட்டுல உக்காந்து ஏதாச்சும் படிப்பா, காலண்டர் தாள் பின்னால இருக்கதையாவது படிப்பா, அம்மா கண்ணு அசையாம கேக்கும். அந்தக் கண்ணு இப்பவும் மனசுல நிக்கி. தனக்கும் அப்படி ஆச்சுன்னா யார் வந்து படிப்பா? இவரா? இவர் பேப்பர்ல செத்தவங்க பேரைத்தான் உரக்கப் படிப்பாரு. மக ஓசூர்ல இருக்கா, போன்லதான் படிக்கணும். மிச்சம் யாரு, மேல இருக்காளே அவளா? ஐயோ, வேண்டவே வேண்டாம்னு நினைக்கவும் தலைக்கு மேல நாற்காலி இழுக்குத சத்தம் கேக்கவும் சரியா இருந்துது. மணி பத்தாகப் போகுதுன்னு கடியாரத்தைப் பாக்காமலே சொல்லிரலாம். பத்து மணிக்கு ஆவுடை சன்னல் பக்கத்துல நாற்காலியப் போட்டு உக்காந்து புத்தகத்தை விரிப்பா. ஆவுடை யாருன்னா வடிவோட ஓரகத்தி. வேலாயுதத்தோட தம்பி குத்தாலிங்கம் பொண்டாட்டி. அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டை மேலயும் கீழயுமா பிரிச்சு முப்பது வருசம் இருந்தாங்க. நாலு வருசத்துக்கு முந்தி குத்தாலிங்கம் மார்வலின்னு உக்காந்தவரு எந்திரிக்கல. அன்னையில இருந்து ஆவுடை மேல ஒத்தையில இருக்கா. அஞ்சரைக்கு எந்திரிச்சு வாக்கிங். ஆறரைக்கு மூக்கைப் பிடிச்சு மூச்சுப் பயிற்சி. எட்டுக்குக் கேப்பைக்கூழ், அதுல மோரு ஊத்தி, ரெண்டே ரெண்டு சின்ன வெங்காயம். பத்துக்குப் புத்தகம். ராத்திரி ஒம்பதுக்கு விளக்கு அணைஞ்சிரும். அவளுக்கு எம்புட்டுன்னு நினைக்கிய? நூத்தி இருபதுக்கு எம்பது. போன மாசம் தெருமுனையில இலவச முகாம் போட்டாங்கல்லா, அங்க அந்த டாக்டர் பையன் எல்லாரு முன்னாலயும் சொன்னான், “இந்தம்மாவைப் பாத்துக் கத்துக்கோங்க”ன்னு. அடுத்தது வடிவோட கை. நூத்தி எழுபது. அந்தப் பையன் உதட்டைப் பிதுக்கினான். புருசன் போனவளுக்கு நூத்தி இருபது, புருசன் இருக்கவளுக்கு நூத்தி எழுபது. இதை யார்ட்டப் போய்ச் சொல்ல? சொன்னா இவளுக்கு என்ன கேடு, தாலி அறுத்தவளைப் பாத்துப் பொறாமப்படுதான்னு ஊரு சிரிக்கும். வடிவே சிரிச்சுக்கிடுவா. ஆனாலும் அது போக மாட்டேங்குதே. செருப்புல ஏறுன முள்ளு மாதிரி, நடந்தாத்தான் தெரியும், உக்காந்து தேடுனா கிடைக்காது. பட்டை இறுக்கிச்சு. இறுக்கிக்கிட்டே போச்சு. கை மரத்து, விரல் நுனி துடிச்சு, உஸ்ஸுன்னு விட்டுது. நூத்தி எழுபத்திரண்டு. வடிவு அப்ப எங்க நின்னுக்கிட்டு இருந்தான்னா, மாடிப்படிக்குக் கீழ. நாற்காலி எந்தப் பக்கம் இழுபடுதுன்னு காதைச் சாய்ச்சுக்கிட்டு. தாளை எடுத்தா, பென்சிலை எடுத்தா, பத்து மணிக்கு நேரா எழுதினா: படிப்பு.

படிப்புன்னு எழுதினதும் அந்த எழுத்து நல்லாத்தான் இருந்துது. ஒம்பதுக்கு நேரா ‘வாக்கிங்’னு எழுதியிருந்தா, ஆட்டோவுல வந்து இறங்குன நேரம் அது, மீதிச் சில்லறைக்கு ஆட்டோக்காரன்ட்ட வாயக் குடுத்த நேரம். ஒம்பதரைக்கு நேரா ‘கேப்பைக்கூழ்’. தின்னது நாலு இட்லியும் மிளகாய்ப்பொடியும், எண்ணெய் மிதக்க மிதக்க. யார் வந்து பாக்கப் போறா? டாக்டரம்மா பாத்து ‘அடடா, இம்புட்டு ஒழுங்கா இருக்க மனுசிக்கா இம்புட்டு ஏறுது, பாவம்’னு ஒரு சொல்லு சொல்லணும். அவ்வளவுதான் ஆசை. ஆவுடைக்குக் கிடைக்குத அந்த ஒரு சொல்லு. ஆவுடையோட ஒரு நாளைத் தூக்கி இந்தத் தாள்ல தன் பேருக்கு எழுதிக்கிட்டா என்ன குறைஞ்சிரப் போகுது? அவ என் படிப்பையே எடுத்துக்கிட்டால்லா. ஆமா, எடுத்துக்கிட்டாதான். இந்த வீட்டுல படிக்கவன்னா யாரு? கேட்டுப் பாருங்க, குத்தாலிங்கம் இருந்தா அவரே சொல்லுவாரு, மதினிதான்னு. கல்யாணமாகி வந்த புதுசுல வடிவு பொட்டலத்தைப் பிரிச்சா பருப்பைப் பாக்க மாட்டா, பொட்டலம் கட்டுன தாளைத்தான் பாப்பா. மாமியா தலையில அடிச்சுக்கிடுவா, “இவளை அடுக்களைக்கு அனுப்பினா புளி உலையில கரையும், இவ எழுத்துல கரைவா”ன்னு. ஒரு தடவை வெல்லம் கட்டி வந்த தாள்ல ஒரு தொடர்கதையோட ஒத்தைப் பக்கம். ஒருத்தி ரயிலடியில ஒரு கடுதாசியக் கையில வச்சுக்கிட்டு நிக்கா, வண்டி வருது, அதோட தாள் முடிஞ்சு போச்சு. அடுத்த வாரமும் அதே கடையில வெல்லம் வாங்கச் சொன்னா, அதுக்கடுத்த வாரமும், வீட்டுல வெல்லம் மலையா கிடந்துது, எறும்பு வந்துது, மாமியா கத்தினா, மத்தப் பக்கம் வரவே இல்ல. அவ வண்டியில ஏறுனாளா, இல்ல கடுதாசியக் கிழிச்சாளா? முப்பத்தெட்டு வருசமா வடிவு அவளை ரயில்ல ஏத்திவிட்டுக்கிட்டும் இறக்கிவிட்டுக்கிட்டும் இருக்கா. அப்ப ஆவுடை என்ன செஞ்சா? இந்த வீட்டுக்குள்ள வந்து அஞ்சாறு மாசம், பாவாடை வாசம் கூடப் போகல, ஓரமா நின்னு சிரிச்சா. “யக்கா, எழுத்தைத் தின்னா வயிறு நிறையுமா?”ன்னா. ரேடியோவுல பாட்டுக் கேப்பா, நகத்துக்குச் சாயம் போடுவா, புத்தகத்தைக் கண்டா கொட்டாவி விடுவா. அந்த ஆவுடை. குத்தாலிங்கம் போய் மூணாம் மாசம் நூலகத்துல கார்டு வாங்கினா. அன்னையில இருந்து தெருவே சொல்லுது, ஆவுடை எப்பப் பாத்தாலும் புத்தகமும் கையுமா இருக்கா, எம்புட்டு நிதானம், எம்புட்டுத் தெளிவுன்னு. வடிவு நாப்பது வருசம் ஒளிச்சு ஒளிச்சுப் படிச்சதுக்கு மாமியா ஏச்சுத்தான் கிடைச்சுது. ஆவுடை நாலு வருசம் சன்னல் பக்கத்துல உக்காந்ததுக்கு ஊர்ப் பேரு.

அதுலயும் அந்தப் புள்ளி. அதை நினைச்சாத்தான் பட்டை இறுக்காமலே கை இறுகுது. நூலகத்துப் புத்தகம் எடுக்கவங்களுக்கு ஒரு வழக்கம் உண்டும், பாத்திருப்பிய. ஒவ்வொருத்தரும் ஒரு பக்கத்தை வச்சுக்கிடுவாங்க, அந்தப் பக்கத்து ஓரத்துல பென்சிலால தன் அடையாளம் ஒண்ணு போட்டுருவாங்க. அடுத்த தடவை அதே புத்தகத்தை எடுத்தா அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாத்து, ‘ஓ, இதைப் படிச்சாச்சு’ன்னு திருப்பி வச்சிருவாங்க. ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் இருபத்தஞ்சுல நட்சத்திரம் போடுவாரு. யாரோ ஒருத்தர் அம்பதுல ‘ச’ன்னு எழுதுவாங்க, ஆணா பொண்ணா தெரியாது, ஆனா அவங்களுக்குத் துப்பறியுங் கதைன்னா உசுருன்னு தெரியும். வடிவுக்குப் பதினேழாம் பக்கம். சின்னதா ஒரு பெருக்கல் குறி. இப்பவும் பழைய புத்தகம் கையில வந்தா பதினேழைத்தான் முதல்ல புரட்டுவா, மங்கிப்போன ஒரு பெருக்கல் குறி இருந்துட்டா, மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டுத் தொட்டிப் பக்கத்துல உக்காந்து படிச்ச அந்த வெயிலு அப்படியே மேல விழும். ஆவுடை சனிக்கிழமை சனிக்கிழமை மூணு புத்தகம் எடுத்துட்டு வருவா, மூணு நாள்ல, “யக்கா, நான் பாத்துட்டேன், நீங்க பாருங்க”ன்னு கொண்டாந்து குடுத்துட்டுப் போவா. பாத்துட்டாளாம். மூணு நாள்ல மூணு. வடிவு புத்தகத்தை விரிச்சா கதையைத் தேட மாட்டா, புள்ளியைத்தான் தேடுவா. ஆவுடை அடையாளம் ஒரு புள்ளி. மொட்டைப் பென்சில்ல குத்துன மாதிரி. ஒரு பக்கத்தை வச்சுக்கிடத் தெரியுதா அந்தக் கழுதைக்கு? ஒண்ணுல முப்பத்தொண்ணு, ஒண்ணுல பதினெட்டு, ஒண்ணுல நாப்பத்திநாலு, கண்ட இடத்துல. படிச்ச படிப்புல திமிரு, அதான் கண்ட இடத்துல குத்துதா. ஆனா எல்லாத்துலயும் புள்ளி உண்டும். எண்ணிக்கிட்டே வந்தா வடிவு, நாலு வருசத்துல நானூத்துக்கு மேல. இவளால? இவளால இப்ப ரெண்டு பக்கம் ஓட மாட்டேங்குது. கண்ணாடிய மாத்தியாச்சு, சன்னல் பக்கம் உக்காந்து பாத்தாச்சு. மூணாம் வரியில மனசு எந்திரிச்சு மாடிப்படி ஏறிரும். இப்ப அவ எந்தப் பக்கத்துல இருப்பா, முப்பதா, அறுபதா, முடிச்சிருப்பாளா? திரும்பி வந்து அதே வரி. திரும்ப மாடி. அப்புறம் போனை எடுத்து வச்சுக்கிட்டு எவனோ ரோட்டோரத்துல பரோட்டா வீசுததைப் பாத்துக்கிட்டே இருக்கது. பரோட்டாவைப் பாக்கதுக்கு மட்டும் மனசு நிக்கி, பாத்தியளா? பத்தரைக்கு இறுக்கினப்ப அவ கையில நிசமாவே ஒரு புத்தகம் இருந்துது, பதினொண்ணாம் பக்கம், அதே பத்தி, ஏழாவது தடவை. மேல ஒரு சத்தமும் இல்ல. சத்தமே இல்லாம படிக்கா. நூத்தி அறுபத்தொம்பது. எழுதினா: படிப்பு. இது பாதி நிசம்.

வேலாயுதம் மோர் குடிக்க வந்தவரு தாளை எடுத்துப் பாத்தார். “வாக்கிங்கா? எப்ப போனே?”ன்னார். “ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து ஆட்டோ வரைக்கும் நடக்கல?”ன்னா வடிவு. அவர் சிரிக்கல. கரண்ட் ஆபீசு ஆளுக்கு எழுத்தும் நம்பரும் ஒரு தாள்ல இருந்தா மத்ததெல்லாம் மறந்து போவும். “நம்பர் என்னென்ன வந்துச்சு, பாக்காம இருந்திருக்க மாட்டே, சொல்லு”ன்னார். சொன்னா. சொல்லாம இருந்திருக்கணும். அவர் பேனாவை எடுத்து பேப்பர் ஓரத்துல கிறுக்கிக் கிறுக்கிப் பாத்தார். “ஏ வடிவு, இதைப் பாரேன். நடக்கையில நூத்தி அம்பத்தெட்டு. கூழ் குடிக்கையில நூத்தி அறுபத்தொண்ணு. படிக்கையில எழுபத்திரண்டு, படிக்கையில அறுபத்தொம்பது. ஒனக்குப் படிச்சாத்தான் ஏறுது”ன்னார். “அதெப்படி ஏறும்?”னு கேட்டா வடிவு. “எங்க ஆபீசு மாடக்கண்ணு இல்ல, அவனுக்கும் இதே பெட்டியத்தான் கட்டினாங்க. கிரிக்கெட் பாக்கையில எல்லாம் எகிறியிருக்கு. இனிமே பாக்கக்கூடாதுன்னு டாக்டர் ஒரே சொல்லா சொல்லிட்டார். அன்னையோட விட்டான், இன்னைக்கும் கல்லு மாதிரி இருக்கான். ஒனக்கும் நாளைக்கு அதைத்தான் சொல்லுவாங்க. நாளைக்குச் சொல்லுததை இன்னைக்கே கேட்டா என்ன? நான் ஆவுடைட்டச் சொல்லிருதேன், இனிமே ஒனக்குப் புத்தகம் கொண்டாந்து குடுக்க வேண்டாம்னு.” “ஏங்க, நில்லுங்க, ஏங்க”ங்கதுக்குள்ள மனுசன் மாடிப்படியில பாதி ஏறிட்டார். முட்டு வலி, முட்டு வலிங்கவரு. நல்லது செய்யணும்னு வந்துட்டா இவருக்கு முட்டு வலிக்காது. வடிவு அங்ஙனயே நின்னா. என்ன காரியம் பண்ணிட்டேன்! பொய்யா எழுதின ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லு, அதுவே வந்து கழுத்தைப் பிடிச்சுட்டே. டாக்டரம்மா நாளைக்குத் தாளைப் பாப்பா, நம்பரைப் பாப்பா, ‘அம்மா, நீங்க புத்தகத்தை விட்டுருங்க’ம்பா. இவரு மண்டையாட்டுவாரு. மக போன்ல, ‘யம்மா, டாக்டர் சொன்னாக் கேளும்மா’ம்பா. எல்லாரும் சேந்து எடுத்துருவாங்க. இப்ப ரெண்டு பக்கம்தான் ஓடுதுன்னாலும் அந்த ரெண்டு பக்கம் அவளோடதுல்லா. என்னைக்காவது ஒரு நாள் மனசு கீழயே தங்கும், பதினேழைத் தாண்டி அது பாட்டுக்கு ஓடும்னு நம்பித்தான ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அந்த மூணையும் வாங்கித் தலைமாட்டுல வச்சுக்கிடுதா. இல்ல, படிக்கவே இல்ல, ஒட்டுக்கேட்டேன்னு இவர்ட்டச் சொல்லிரலாமா? எதை ஒட்டுக்கேட்டேம்பாரு. ஒண்ணுமில்லாததை. ஒருத்தி சத்தம் போடாம படிக்குததை. அதுக்கு ஏன் ஏறுதும்பாரு. அதுக்கு மேல என்ன சொல்ல? அம்மா கண்ணு கட்டில்ல இருந்து பாத்துது. மணி பதினொண்ணு. இறுக்கிச்சு. இந்தத் தடவை இறுக்கினது விடவே விடாதுன்னு நினைச்சா. நூத்தி எழுபத்தாறு.

வேலாயுதம் இறங்கி வந்து, “சொல்லிட்டேன்”ன்னு ஒரு சொல்லோட பேப்பருக்குள்ள போயிட்டார். அப்புறம் படியில செருப்பில்லாத கால் சத்தம். இந்தக் காலை வடிவு தூக்கத்துல கூடக் கண்டுபிடிச்சிருவா, இடது காலைக் கொஞ்சம் அழுத்தி வைக்கும். ஆவுடை அடுக்களை வாசல்ல வந்து நின்னா. வெள்ளையில சின்னக் கட்டம் போட்ட சேலை, தலையை இழுத்து முடிஞ்சு, கண்ணாடிய நெத்திக்கு மேல தூக்கி விட்டுருந்தா. கண்ணாடிய அங்க தூக்கி வச்சா அது ஒரு அழகு, வடிவு வச்சுப் பாத்தா வழுக்கி விழுந்துரும். “யக்கா, என் புத்தகத்தாலயா உங்களுக்கு ஏறுது?”ன்னா. “ஏன் எங்கிட்டச் சொல்லல? அத்தான் வந்து சொல்லுதாங்க, எனக்கு உசுரே இல்ல. நான் எடுத்துட்டு வந்து குடுக்கதுனாலதான.” “ஒன் புத்தகம் என்ன ஒன் புத்தகம், நூலகத்துப் புத்தகம்”னா வடிவு, வெடுக்குன்னு. ஆவுடை உரலு மேல உக்காந்தா, கையை மடியில வச்சுக்கிட்டு. “நாளைக்கே கார்டைத் திருப்பிக் குடுத்துருதேன். எனக்கு எதுக்கு அது? நீங்க படிப்பியளேன்னுதான் புதுப்பிச்சுக்கிட்டு இருக்கேன்”னா. வடிவுக்கு விளங்கல. “நீ படிக்கல?” “எங்க யக்கா படிச்சேன்? எனக்கு ஒண்ணு முடிஞ்சதில்ல. ஒண்ணு கூட முடிஞ்சதில்ல.” அவ கையில இருந்த முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரிச்சா. “அவுக போன புதுசுல சும்மா உக்காந்திருந்தா வருதவ போறவ எல்லாம் பக்கத்துல வந்து உக்காந்து, ‘எப்படி இருக்கே ஆவுடை, தூங்குதியா ஆவுடை, சாப்பிட்டியா ஆவுடை’ன்னு கையப் பிடிச்சுக்கிடுவாங்க. புத்தகம் கையில இருந்தா ஒருத்தரும் கிட்ட வர மாட்டாங்க. படிக்கா, தொந்தரவு பண்ணாதன்னு போயிருவாங்க. அதுக்குத்தான் எடுத்தேன். விரிச்சு வச்சுக்கிட்டு உக்காருவேன். முப்பது பக்கம் போவும், நாப்பது பக்கம் போவும். அப்புறம் கீழ நீங்க அத்தானை ஏசுவிய. ‘இந்தத் துண்டை எத்தனை தடவை சொல்ல, கொடியில போடுங்க’ன்னு. அத்தான் ஏதாச்சும் பதிலுக்குச் சொல்லுவாங்க. அதைக் கேட்டுக்கிட்டே இருப்பேன் யக்கா. அதுக்கு மேல புத்தகம் ஓடாது. நின்ன இடத்துல ஒரு புள்ளி வச்சு மூடிருவேன், அடுத்த நாளு அங்ஙன இருந்து தொடங்கலாம்னு. தொடங்கினதே இல்ல.” சொல்லச் சொல்ல அவ கண்ணு நிறைஞ்சு வழிஞ்சுது, அவ துடைக்கல. முப்பத்தொண்ணு. பதினெட்டு. நாப்பத்திநாலு. வடிவுக்குள்ள நானூறு புள்ளியும் ஒண்ணொண்ணா எந்திரிச்சு நின்னுது. படிச்சு முடிச்ச அடையாளம் இல்ல. விட்டுட்டு ஓடின அடையாளம். நாலு வருசமா இவ எண்ணினது அதையா? நாலு வருசமா எழுபதுக்கும் எழுபத்தாறுக்கும் ஏறினது இதுக்கா? அப்பத்தான் அது வந்துது. முதல்ல தொண்டையில, அப்புறம் நெஞ்சுக்குக் கீழ, சூடா வெந்நீர் ஊத்தின மாதிரி, இடுப்பு வலிச்சவளுக்கு யாரோ எண்ணெய் தேச்சுவிட்ட மாதிரி ஒரு சுகம். அவளுக்கும் ஓடல. அவளும் படிக்கல. இந்த வீட்டுல படிக்கவ இன்னமும் நான்தான். எதிர்ல ஒருத்தி அழுதுக்கிட்டு இருக்கா, இவளுக்குக் கால் நுனி வரைக்கும் இதமா இறங்குது. பட்டை அப்பப் பாத்து இறுக்கிச்சு. மெள்ள இறுக்கி, மெள்ள விட்டுது, அதுக்கே சந்தோசமா இருந்த மாதிரி. கண்ணாடியில நம்பர்: நூத்தி முப்பத்திநாலு.

வடிவு அதைப் பாத்தா. திரும்பப் பாத்தா. ரெண்டு வருசத்துல இப்படி ஒரு நம்பர் வந்ததில்ல, மாத்திரைக்கு வரல, உப்பில்லாத ரசத்துக்கு வரல. ஆவுடை அழுததுக்கு வந்துட்டு. வெட்கம் பின்னாலயே வந்துது, கதவைத் தட்டாம உள்ள நுழையுத சொந்தக்காரன் மாதிரி. ச்சீ. என்ன ஜென்மம். குத்தாலிங்கம் பதினாறாம் நாள்ல கூட இப்படித்தான இருந்தே நீ, ‘ஆவுடை எம்புட்டுத் தைரியமா இருக்கா பாரு’ன்னு யாரோ சொல்ல, ‘நான் இருந்தா இருந்திருக்க மாட்டேனா’ன்னு உள்ளுக்குள்ள கேட்டவதான நீ. பொணம் எடுத்த வீட்டுல. ஒரு கை ஆவுடை முதுகுல போயி விழுந்துது, அது வடிவோட கைதான், பட்டை கட்டாத கை. “அழாத, எந்திரி, மோர் குடி”ன்னா. “இல்ல யக்கா, அடுப்புல பருப்பு கிடக்கு”ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஆவுடை மாடிக்குப் போனா. இடது காலை அழுத்தி, அழுத்தி. அவ போனதும் வேலாயுதம் உள்ள வந்து, “இப்ப எம்புட்டு?”ன்னார். “முப்பத்திநாலு.” “நூத்தியா? அடி சக்கை! பாத்தியா? ஒரு அரைமணி நேரம் புத்தகத்தைத் தொடல, இறங்கிட்டு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?” அவர் முகத்துல அம்புட்டுச் சந்தோசம், டிரான்ஸ்பார்மர்ல பழுதைக் கண்டுபிடிச்ச மாதிரி. நல்ல மனுசன். நல்லது நினைக்கவருட்ட எப்படிச் சண்டை போடுதது? நாளைக்குக் காலையில இந்தத் தாள் டாக்டரம்மா கைக்குப் போயிட்டா அதோட சரி. படிப்பு, எழுபத்திரண்டு. படிப்பு, அறுபத்தொம்பது. படிப்பை விட்டாச்சு, முப்பத்திநாலு. எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் இந்த வழக்கு நிக்கும். அம்மா கிடந்த கட்டில்ல இனி வடிவு, பக்கத்துல யாருமில்ல, கையில ஒண்ணுமில்ல.

வடிவு தாளை எடுத்து அடுக்களை மேடை மேல விரிச்சா. நல்ல வேளை, அந்தப் பொண்ணு பென்சிலைக் குடுத்தா. அலமாரி டப்பாவுக்குள்ள, பேத்தி லீவுக்கு வந்தப்ப விட்டுட்டுப் போன ரப்பர், ஆனை மாதிரி இருக்கும், தும்பிக்கை தேஞ்சு போச்சு, அதை எடுத்துத் தேச்சா. வாக்கிங் போச்சு. கூழு போச்சு. படிப்பைத் தேய்க்கையில மட்டும் கை நின்னுது, அப்புறம் அதையும் தேச்சா, தாள் கிழியுத மாதிரித் தேச்சா. ஊதி விட்டுட்டு எழுதினா. 9.00: ஆட்டோக்காரன்கூடச் சண்டை. 9.30: நாலு இட்லி, எண்ணெய் கூட. 10.00: மாடிப்படிக்குக் கீழ நின்னு ஓரகத்திய ஒட்டுக்கேட்டேன். 10.30: அவ மேல பொறாமை. 11.00-க்கு வந்தப்பக் கொஞ்சம் யோசிச்சா, பயம்னு எழுதலாமா, பயமும் உண்டும், ஆனா பயத்துக்கு அடியிலயும் அதுதான் கிடந்துது. எழுதினா: அதே. 11.30-க்கு நேரா பென்சில் ரொம்ப நேரம் நின்னுது. டாக்டரம்மா படிச்சுட்டுப் போறா, படிக்கட்டும், அவளுக்கும் ஒரு ஓரகத்தி இல்லாமலா இருப்பா. எழுதினா: ஆவுடை அழுதா. எனக்கு நல்லா இருந்துச்சு. எழுதி முடிச்சதும் தாளை நாலா மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிட்டா, இனி இது தன் கையிலயும் டாக்டர் கையிலயுந்தான் பிரியும், வீட்டுக்காரர் கையில இல்ல. “என்ன எழுதுதே அங்க?”ன்னார் வேலாயுதம் முன்கட்டுப் பட்டாசல்ல இருந்து. “நீங்க செத்தவங்க பேரைப் படிங்க”ன்னா. மணி பதினொண்ணு அம்பது. இன்னும் பத்து நிமிசம். பன்னெண்டுக்கு நேரா எழுதவேண்டியது அவளுக்குத் தெரியும், படிப்பு, ஆனா இந்தத் தடவை எழுதுததுக்கு முன்னால அது நடந்திருக்கணும், பெட்டி எம்புட்டு காட்டுனாலும் சரி. தனியா உக்காந்தா மனசு மாடிக்குப் போவும். மாடியில இருக்கவ கீழ வந்துட்டா அது எங்க போவும்? நூலகத்துல திருப்பிக் குடுக்கதுக்கு மேல எடுத்துட்டுப் போன புத்தகத்தை முப்பத்தொண்ணாம் பக்கத்துல விட்டிருக்கா. முப்பத்தொண்ணுல இருந்து வடிவு உரக்கப் படிப்பா, அவ உரலு மேல உக்காந்து கேக்கட்டும், கேட்டு அழுதாலும் அழட்டும். வேணும்னா அழுது முடிச்சுட்டுக் கேக்கட்டும். ஆனா புத்தகம் ஒருத்தி கையிலதான் இருக்க முடியும், அது வடிவு கையில. இடது கையைத் தொங்கப் போட்டு, வலது கையால கண்ணாடிய மூக்குல ஏத்திக்கிட்டு, மாடிப்படிக்குக் கீழ வந்து நின்னா, இந்தத் தடவை காதைச் சாய்க்கல, வாயத் திறந்தா. “ஏளா ஆவுடை! பருப்பை இறக்கி வச்சுட்டு வா. அந்த முப்பத்தொண்ணுல புள்ளி வச்சியே, அந்தப் புத்தகத்தைக் கொண்டா!”